கல் சிலுவை வளைவு

சாயந்திரம் அஞ்சே முக்கால். அதுக்கு முந்தின ராத்திரிதான், குளிர்காலத்துக்காக, நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வெச்சிருந்தாங்க. அதனால நேத்து இதே நேரம் வெளிச்சம்... இன்னிக்கு இருட்டு. திராட்சை அறுப்பு முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. தோட்டத்துல ஒரு ஆள் கிடையாது. ரெண்டு பக்கமும் மஞ்சள் இலையோட கொடிங்க, நடுவுல ஒரு வண்டி மட்டும் போற அளவுக்குத் தார் ரோடு. அதுக்கு மேல மூடுபனி... பால் பொங்கி வழிஞ்ச மாதிரி.

அந்த ரோட்டுல ஒரே ஒரு கார்.

கதவைச் சாத்திட்டுக் கிட்ட வந்து உக்காருங்க. இது எனக்கு நடந்ததில்லை. என்கூடப் பதினோரு வருஷமா இந்தத் தோட்டத்துல கொடி கத்தரிக்கிறாளே ஓதெத்... அவளோட பெரியம்மா பொண்ணுக்கு நடந்தது. பேரு கிஸ்லேன். நாந்த் ஊர்ல மருந்துக்கடை வெச்சிருக்கா. வயசு நாப்பத்தாறு. புருஷன் ரெஜிஸ், நிலம் அளக்கிறவன். நல்ல உயரம். சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவான்.

கிஸ்லேனுக்கு ஒரு தங்கச்சி இருந்தா. லூசில். எட்டு வயசு சின்னவ. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே மாதிரி ஒரு அக்டோபர் கடைசியில, மழையில, இந்த ரோட்டுல அடிபட்டுச் செத்துப்போனா. அடிச்ச வண்டி நிக்கலை. காலையில டிராக்டர்ல வந்தவர்தான் பார்த்தார். கல் சிலுவை ஒண்ணு நிக்குமே வளைவுல... அதுக்குக் கீழ.

நாந்த்ல இருக்கிற பொண்ணு. அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, கார் இல்லாம, குடை இல்லாம, இங்க எதுக்கு நடந்துக்கிட்டிருந்தா? போலீஸுக்கும் தெரியலை. அம்மாவுக்கும் தெரியலை. கிஸ்லேன் அந்தக் கேள்வியோடயே ரெண்டு வருஷம் தூங்கி எழுந்தா. தங்கச்சியோட பச்சை ஸ்வெட்டர் ஒண்ணைத் தலையணைக்கடியில வெச்சுக்குவா. கனவுலயாவது வந்து சொல்லேன்டின்னு கேப்பா. லூசில் ஒரு தடவைகூட வரலை.

"கல்லறைத் திருநாள் வருது. அந்த இடத்துல ஒரு சாமந்தித் தொட்டி வெச்சுட்டு வரணும்"னு புருஷன்கிட்ட சொன்னா.

போன வருஷமும் கேட்டா. அப்ப அவன் வேலை இருக்குன்னுட்டான். இந்த வருஷம், "சரி, போவோம். ஆனா சாவு வீட்டுக்குப் போற மாதிரி வேண்டாம். ஒரு வாரம் லீவு போடு. மெதுவா ஊர் ஊரா வைன் ருசி பார்த்துக்கிட்டே போவோம். கடைசியில பூ வைப்போம்"னான்.

கிஸ்லேனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எவ்வளவு பதமா நடந்துக்கிறான்னு நினைச்சா.

அப்படித்தான் போனாங்க. காலையில ஒரு நிலவறை, மத்தியானம் ஒரு நிலவறை. ஈரக் கல்லு, மரப்பீப்பாய், புளிச்ச வாசனை. ரெஜிஸ் வைனை வாயில சுழட்டிச் சுழட்டி வாளியில துப்புவான்.

"நீ துப்பறதைப் பார்த்தா பல் டாக்டர்கிட்ட வந்தவன் மாதிரி இருக்கு."

"முழுங்கினா வண்டியை நீதான் ஓட்டணும். நீ ஓட்டினா ரெண்டு பேரும் நேரா லூசில்கிட்டயே போய்ச் சேர்ந்துடலாம்."

சொன்னதும் அவன் முகம் ஒரு மாதிரி ஆச்சு. இவதான் அவன் கையைப் பிடிச்சுச் சமாளிச்சா.

மூணு நாள்ல போயிருக்க வேண்டிய இடம். ஆறு நாள் ஆச்சு. இன்னும் ஒரு தோட்டம் பார்ப்போம், அந்தச் சந்தையில பாலாடைக்கட்டி வாங்குவோம்னு ஏதாவது சொல்லி இழுத்துக்கிட்டே இருந்தான். கிஸ்லேனுக்கு அது சந்தோஷமாத்தான் இருந்துச்சு. கல்யாணமான புதுசுலகூட இவ்வளவு நிதானமா அவன் அவளோட இருந்ததில்லை.

ஏழாவது நாள் சாயந்திரம்தான் இந்த ரோட்டுக்கு வந்தாங்க.

கிஸ்லேன் போன்ல வழி பார்த்துக்கிட்டிருந்தா. பனியில போன் தடுமாறிச்சு. "ரெஜி, கொஞ்சம் நில்லு, இடமா வலமான்னு..." அவ முடிக்கலை. அவன் இடதுபக்கம் திருப்பிட்டான். அடுத்த பிரிவுலயும் அப்படியே. போர்டு இல்லாத ரோடு அது. இந்தப் பக்கமே வந்ததில்லைன்னு சொன்னவன்.

அவ கேக்க வாயைத் திறந்தா. அப்பத்தான் அந்தச் சத்தம்.

டிங்... டிங்... டிங்...

பின் சீட்ல ஆள் உக்காந்து பெல்ட் போடலைன்னா அடிக்குமே... அது.

"தொட்டி கனம்"னா கிஸ்லேன். "பூந்தொட்டியை ஆள்னு நினைச்சுக்குது."

ரெஜிஸ் கண்ணு நடுக் கண்ணாடிக்குப் போயிட்டு வந்துச்சு.

ரெண்டு வளைவு தாண்டினதும்தான் அவளுக்கு ஞாபகம் வந்துச்சு. தொட்டியைக் காலையில டிக்கியில வெச்சாங்க. பின் சீட்ல ஒண்ணுமே இல்லை.

டிங்... டிங்...

அப்புறம் பெல்ட்டை இழுக்கிற சத்தம். சர்ர்ர்... க்ளிக்.

டிங் நின்னுபோச்சு.

அவளால திரும்பிப் பார்க்க முடியலை. முதல்ல வந்தது ஈரக் கம்பளி வாசனை. மழையில நனைஞ்ச கோட்டைக் கார்ல போட்டா அடிக்குமே, அப்படி. அதுக்குப் பின்னாடி சோம்பு மிட்டாய் வாசனை. லூசில் வாயில எப்பவும் அது இருக்கும். பேசாம இருக்கிறப்ப மிட்டாய் பல்லுல இடிக்கும்... டக்... டக்... னு. சின்ன வயசுல ஒரே கட்டில்ல படுத்தப்ப, "துப்பிட்டுத் தூங்குடி சனியனே"ன்னு கிஸ்லேன் திட்டுவா.

இப்பக் காதுக்குப் பின்னாடி, அதே சத்தம். டக்... டக்...

கண்ணை மட்டும் திருப்பிப் புருஷனைப் பார்த்தா. அவன் பயந்து நடுங்குவான்னு நினைச்சா.

அவன் நடுங்கலை. கையை நீட்டி ஹீட்டரைக் கூட்டினான். பின் சீட்டுக்குக் காத்துப் போற மாதிரி திருப்பினான். அந்த ஒரு வாரமும் கிஸ்லேன் குளிருதுன்னா, கோட்டை இறுக்கிக்கோன்னு சொன்னவன். அப்புறம் மெதுவா... ரொம்ப மெதுவா, தூங்குற குழந்தைகிட்டப் பேசுற மாதிரி சொன்னான்.

"குளிருதா லூ? இதோ வந்துட்டோம். இன்னும் ரெண்டே வளைவு. இன்னிக்கு மட்டும் அழாத."

இருபது வருஷத்துல அந்தக் குரலை அவ கேட்டதே இல்லை.

சொல்லி முடிச்சப்புறம்தான் பக்கத்துல பொண்டாட்டி இருக்கிறது அவனுக்கு உறைச்சுது. கார் மெதுவாச்சு. கல் சிலுவை பனிக்குள்ளேர்ந்து வெளிய வந்துச்சு. நிறுத்தினான்.

"எத்தனை நாளா?"ன்னா கிஸ்லேன்.

"சாகறதுக்கு முன்னாடி ஒரு... மூணு வருஷமா..."

"அதைக் கேக்கலை. செத்தப்புறம் எத்தனை நாளா வர்றா?"

அவன் ஸ்டீயரிங்ல நெத்தியை வெச்சுக்கிட்டான். "அடக்கம் முடிஞ்ச மறுவாரத்துலேர்ந்து. இருட்டினப்புறம் தனியா ஓட்டினா வருவா. நீ இருக்கிறப்ப வந்ததில்லை. இதான் முதல் தடவை."

"இங்க என்ன நடந்துச்சு?"

"சண்டை. உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன்னா. வேண்டாம்னேன். வண்டியை நிறுத்துன்னா. இறங்கிட்டா. பத்து நிமிஷம் நடந்தா கோபம் தணியும்னு நான் கொஞ்ச தூரம் போனேன். கண்ணாடியில பார்த்தேன்... ஒரு வேன் வந்துச்சு... பார்த்தேன் கிஸ்லேன்."

"திரும்பிப் போனியா?"

ஸ்டீயரிங்கை விட்டு நெத்தியை எடுக்காமலே, இல்லைன்னு தலையை அசைச்சான்.

"அன்னிக்கு ராத்திரி ஒம்போது மணிக்கு நீ எனக்கு போன் பண்ணின. லியோன் ஊர்ல, ஓட்டல்ல சூப் குடிச்சுக்கிட்டிருக்கேன், உப்பு ஜாஸ்தின்னு சொன்ன."

பின்னாடி மட்டும்... டக்... டக்...

அப்பத்தான் கிஸ்லேன் திரும்பினா. சீட்ல ஆள் இல்லை. ஆனா பெல்ட் போட்டிருந்துச்சு. வெறும் காத்தைச் சுத்தி இறுக்கமா, நெஞ்சு உயரத்துல. மெதுவா ஏறி... இறங்கி... ஏறி... இறங்கி. சீட் துணியில ஈரம் படர்ந்திருந்துச்சு.

"லூசில்"னா. "ரெண்டு வருஷமாக் கூப்பிடறேன்டி. என்கிட்ட வராம இவன்கிட்டயா வந்த? இப்பவாவது என்னைப் பாரு."

பெல்ட் அசைஞ்சுச்சு. மெதுவா முறுக்கிக்கிச்சு... ஜன்னல் பக்கமா. ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கிற மாதிரி.

பேயைப் பார்த்த பயமெல்லாம் அந்த நிமிஷத்துலயே போயிடுச்சுன்னு பின்னாடி ஓதெத்கிட்ட சொல்லியிருக்கா. புருஷன் ஏமாத்தினதுகூட ரெண்டாவதுதானாம். தான் தூக்கி வளர்த்த தங்கச்சியே முகத்தைத் திருப்பிக்கிட்டாளேன்னுதான் வலிச்சுதாம்.

இறங்கினா. டிக்கியைத் திறந்து தொட்டியை எடுத்தா. திருப்பிக் கொண்டு போகவும் மனசு இல்லை, வைக்கவும் மனசு இல்லை. கடைசியில சிலுவை அடியில வெச்சா. கை மண்ணைத் தட்டிக்கிட்டிருந்தப்ப, பின்னாடி கார்க் கதவு ஒண்ணு சாத்துற சத்தம். அப்புறம் இன்னொண்ணு. இஞ்சின் உறுமிச்சு.

திரும்பறதுக்குள்ள வண்டி போயிடுச்சு. பனிக்குள்ள ரெண்டு சிவப்புப் புள்ளி... அதுவும் இல்லை.

தங்கச்சியை விட்டுட்டுப் போன அதே இடத்துல, அக்காவையும் விட்டுட்டுப் போயிட்டான். கிஸ்லேன் அப்படித்தான் நினைச்சா. ரோட்டு ஓரத்துல நிக்கப் பயந்து கொடி வரிசைக்குள்ள புகுந்து நடந்தா. ஈர இலை முகத்துல அடிக்குது. எங்கயோ ஒரு விளக்கு. அஷில்னு ஒரு தோட்டக்காரர் வீடு. அவர் சம்சாரம் கதவைத் திறந்து, காலணியைப் பார்த்துட்டு, ஒரு வார்த்தை கேக்காம அடுப்புப் பக்கம் உக்கார வெச்சா. கையில சூடா வெங்காய சூப்பைக் கொடுத்தா.

போலீஸுக்குச் சொன்னாங்க. தேடினாங்க. ரெஜிஸ் போனை எடுக்கலை. கார் எங்கயும் இல்லை.

விடிஞ்சு ஏழு மணிக்கு கிஸ்லேன் போன் அடிச்சுச்சு. நாந்த்லேர்ந்து. எதிர்வீட்டு அம்மா, மதாம் கெர்ப்ரா.

"கிஸ்லேன், நீ எங்கம்மா இருக்க? உன் கார் உன் வீட்டு வாசல்ல நிக்குது. இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு. உன் புருஷன் உள்ள இருக்கார். கதவைத் தட்டினா திறக்க மாட்டேங்கிறார்."

"குடிச்சிருக்கானா?"

"தெரியலை. பின் சீட்ல உக்காந்திருக்கார். பெல்ட் போட்டுக்கிட்டு. ஒரு மூலையில ஒட்டிக்கிட்டு..."

உள்ளூர் போலீஸ் வந்து கண்ணாடியை உடைச்சுத்தான் அவனை வெளிய எடுத்தாங்க. ஓட்டுற சீட் முன்னாடி கடைசி வரைக்கும் தள்ளி இருந்துச்சாம். அவன் உயரத்துக்கு முட்டிகூட நுழையாது. எழுதிக் கொடுத்த வாக்குமூலத்துல ரெண்டு வருஷத்துக் கதையையும் ஒத்துக்கிட்டான். கேஸ் நடந்துச்சு, உள்ள போனான். ஆனா அறுநூறு கிலோமீட்டர் யார் ஓட்டினதுன்னு கேட்டப்பல்லாம் ஒரே பதில்தான். "நான் ஓட்டலை. அவளை இறங்கச் சொல்லி கெஞ்சத்தான் பின்னாடி ஏறினேன். அப்பக் கதவு சாத்திக்கிச்சு."

இதெல்லாம் கோர்ட்ல எல்லாரும் கேட்டது. மதாம் கெர்ப்ரா அன்னிக்குக் காலையில போன்ல கடைசியாச் சொன்னதை மட்டும் கிஸ்லேன் போலீஸ்கிட்டச் சொல்லலை. ஓதெத்கிட்டதான் சொன்னா. அன்னிலேர்ந்து அந்த வீட்டுக்கு அவ போகவும் இல்லை. அம்மா வீட்டுலதான் இருக்கா.

மதாம் கெர்ப்ரா சாதாரணமாத்தான் சொன்னாளாம்.

"ஓட்டிக்கிட்டு வந்த பொண்ணை நான் சமையக்கட்டு ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். குட்டையா, தலையெல்லாம் நனைஞ்சு... இங்க மழையே இல்லையேம்மா. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிட்டு, நேரா உன் வீட்டுக்குள்ள போனா. இப்ப மாடியில உன் படுக்கையறையில விளக்கு எரியுது... பச்சை ஸ்வெட்டர் ஒண்ணைப் போட்டுக்கிட்டு ஜன்னல்ல நிக்கிறா. நான் ஒண்ணும் கேக்கலை கிஸ்லேன்... அவதான் கையைக் காட்டி என்கிட்டக் கேக்கிறா, நீ எப்ப வருவன்னு."