இடது பக்கத்து வார்

தோலுக்கு விளக்கெண்ணெய் போடுவதென்றால் இளஞ்சூடாக்கித்தான் போட வேண்டும். இந்த ஊரில் அது யாருக்கும் தெரியாது. தெரியாததில் தப்பில்லை, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. உங்கள் இடுப்பு பெல்ட்டையே பாருங்கள், தம்பி. துளைகளைச் சுற்றி வெடித்துக் கிடக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம். சிவகிரியிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே அட்டென்ஷனில் நிற்கும்போது உங்கள் தோள் ஒரு பக்கம் சரியும். இப்போது சப்-இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டீர்கள். தோள் அப்படியேதான் இருக்கிறது.

நான் மெதுவாகவே சொல்கிறேன். ஏட்டையா ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்ளட்டும்.

பெயர் தேவசுந்தரம். இருபத்தொன்பது வருஷம் டிரில் மாஸ்டர். ரிட்டயர் ஆனபோது பள்ளிக்கூடத்தில் ஒரு சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். உடம்பை வளைத்துச் சம்பாதித்தவனுக்கு உட்கார்ந்து பார்க்க ஒரு கடிகாரம், யோசித்துத்தான் கொடுத்திருப்பார்கள். நான் உட்காரவில்லை. வீட்டுப் பின்கட்டில் ஒரு அறையை ஒழித்து, எனக்கென்று தேகப்பயிற்சி சாமான்களை வைத்துக்கொண்டேன். ஒரு ஜோடி கர்லாக்கட்டை. இரும்பு டம்பெல்ஸ். மார்புக்கு இழுக்கிற ஐந்து ஸ்பிரிங், மெட்ராஸிலிருந்து வி.பி.பி.யில் வந்தது. ஆசனத்துக்குக் கோரைப்பாய். உத்திரத்திலிருந்து இரண்டு வளையங்கள், ஒவ்வொன்றும் ஒரு தோல்வாரில் தொங்கும். வளையத்துக்கு அடியில் கல் பாவிய தரைமேல் தடியான தேங்காய்நார் மெத்தை.

ஆசனம் போடுவதைப் பற்றி எங்கள் சர்ச் குருவானவர் ஒருமுறை வருத்தப்பட்டார். அடுத்த வாரம் அதற்கு மூச்சு டிரில் என்று பேர் வைத்தேன். அவருடைய வருத்தம் தீர்ந்தது.

சாமானை வைத்திருப்பது பெரிய காரியமில்லை, தம்பி. பேணுவதுதான் காரியம். ஸ்பிரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய், சுருளுக்கு ஒரு சொட்டு. கர்லாக்கட்டையை ஈரத்துணியால் தொடக்கூடாது. பாயை வேப்பிலை போட்ட தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். மெத்தையைச் சனிக்கிழமை வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். வாருக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை விளக்கெண்ணெய். எல்லாவற்றுக்கும் மேலே, பயிற்சி முடிந்ததும் வேர்வையைத் துடைத்துவிட வேண்டும். வேர்வையில் உப்பு இருக்கிறது. உப்பு இரும்பையும் தின்னும், தோலையும் தின்னும். இருபத்தொன்பது வருஷம் இதைச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வகுப்பிலும் சொன்னேன். பெல்ட்டைப் பார்த்தால் நீங்கள் அன்றைக்கு லீவு போலிருக்கிறது.

காந்திமதிநாதன் பக்கத்து வீட்டுக்குப் போன வருஷம் ஐப்பசியில் குடி வந்தார். பத்திர ஆபீஸில் குமாஸ்தா. வயது முப்பத்து மூன்று. தொந்தியைப் பார்த்தால் இன்னும் கூடுதலாக மதிக்கலாம். இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கும். டாக்டர் தேகப்பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார். அவர் சம்சாரம் பகவதி, என் மனைவி சுந்தரபாயிடம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். சுந்தரபாய் என்னிடம் கேட்டாள். நான் சரியென்றேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த ஊரே என்னை சார் என்று கூப்பிடும். அவர் ஒருத்தர்தான் முதல் நாளே அண்ணாச்சி என்றார். சுந்தரபாயை மதினி என்றார். காலையில் ஐந்தரைக்குக் கதவைத் தட்டும்போதே சிரிப்பார். ஐந்தரைக்குச் சிரிக்கிறவனுக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்பது என் அனுபவம்.

துடைக்கமாட்டார், தம்பி. ஒருநாள்கூடத் துடைக்கமாட்டார். கர்லாக்கட்டையைச் சுற்றிவிட்டு, சாக்கு மூட்டையைச் சாத்துவது போலச் சுவரில் சாத்துவார். கோவில் புற்றுமண்ணை நெற்றியிலும் கைமூட்டிலும் பூசிக்கொண்டு வருவார். தீராத வியாதியெல்லாம் தீருமாம். தீரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. பாயிலிருந்து அந்தக் கறையைத் தீர்க்கத்தான் ஒரு மருந்தும் கிடைக்கவில்லை. ஈரத்துண்டை வளையத்தின் வார்மேல் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போவார். காப்பி யார் போடுவது? சுந்தரபாய். எனக்கு முப்பது வருஷமாக ஆறின காப்பி. அவருக்கு ஆவி பறக்கும்.

"துண்டை அங்கன போடாதேயும், வே," என்று எத்தனையோ தடவை சொன்னேன்.

"வேர்வைதானே அண்ணாச்சி, விஷமா?" என்பார். அடுப்படியில் சுந்தரபாய் சிரிப்பாள். அவள் சிரிக்கிற ஆள் இல்லை. கல்யாணத்துக்கு எடுத்த போட்டோவை வேண்டுமானால் வந்து பாருங்கள்.

எட்டு மாதத்தில் தொந்தி கரைந்தது. தோள் அகன்றது. இது என் பயிற்சியின் பலன் என்று ஊரில் யாராவது சொன்னார்களா? புற்றுமண்ணின் மகிமை என்றார்கள். பரவாயில்லை. நான் புகழுக்காக வாழ்கிறவன் இல்லை.

ஆடித்தபசு அன்றைக்கு ஊர் முழுக்க ஜனம். அம்பாள் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்த ஊர் இது. ஒற்றைக்காலில் அரை நிமிஷம் நிற்கத் தெரிந்த ஒருத்தனை நான் இன்னும் இங்கே சந்திக்கவில்லை. அன்று காலையிலும் காந்திமதிநாதன் வந்தார். கூடவே பகவதியையும் கூட்டி வந்தார். "அண்ணாச்சி, ஒண்ணு காட்டுதேன், பாருங்க. மதினி, நீங்களும் வாங்க," என்றார்.

வளையத்தைப் பிடித்து எழும்பினார். காலைத் தூக்கித் தலைகீழாகி, கைகளுக்கு நடுவே உடம்பை முழுச் சுற்று சுற்றி இறங்கினார். நான் ஒருமுறை காட்டியதுதான். காட்டியது என்றால், வாயால் சொல்லிக் காட்டியது. மழைக்காலத்தில் எனக்குத் தோள் கொஞ்சம் பிடிக்கும். அதனால் சில வருஷங்களாகச் சுற்றுவதில்லை. ஆடியில் மழை ஏது என்று கேட்காதீர்கள். குற்றாலத்தில் சாரல் இருந்தது.

பகவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுந்தரபாய் கை தட்டினாள்.

"நீங்க செஞ்சா இதைவிட ஜோரா இருக்கும். ஒரு சுத்து சுத்துங்க அண்ணாச்சி," என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். அதைத்தான் நானும் சொல்கிறேன், மரியாதையில் அவர் ஒரு குறை வைத்ததில்லை. எனக்குக் கோவில் தெருவில் வேலை இருக்கிறது என்றேன்.

மூவரும் போனபிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு வளையத்தைப் பிடித்தேன். கை வழுக்கியது. அவருடைய வேர்வை. வேறு காரணம் இல்லை. துடைத்துவிட்டுப் பிடித்தபோதும் வழுக்கியது; எவ்வளவு வேர்வை என்று பாருங்கள்.

அன்றிலிருந்து இடது பக்கத்து வாருக்கு எண்ணெய் போடுவதை நிறுத்தினேன். வலது பக்கத்துக்கு வழக்கம்போலப் போட்டேன். ஏன் இடது என்றால், சுற்றும்போது அவர் பாரத்தை முதலில் இடது கையில்தான் ஏற்றுவார். திருத்தியிருக்கலாம். வாத்தியார் வேலையை விட்டு வருஷம் மூன்றாகிறது.

அவர் போட்டுவிட்டுப் போகிற ஈரத்துண்டை முன்னெல்லாம் உடனே எடுத்துவிடுவேன். பிறகு எடுக்கவில்லை. அவர் ஆபீஸுக்குப் போனதும் அதே துண்டால் வாரைச் சுற்றி, மத்தியானம்வரை விட்டு வைத்தேன். சில நாள் உப்புத் தண்ணீரும் தெளித்தேன், வேர்வை போதாது என்று தோன்றிய நாட்களில். பிறகு கழற்றி ஓட்டுமேல் வெயிலில் போடுவேன். மறுநாள் மறுபடியும். ஆறு வாரம். பேணுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டுமோ அதே பொறுமை இதற்கும் வேண்டும். ஆவணிக் கடைசியில் கொக்கிக்குக் கீழே குறுக்காக ஒரு வெடிப்பு விழுந்தது. நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. வெடிப்பில் கறுப்பு பூட்ஸ் பாலிஷைத் திணித்துத் துணியால் தேய்த்தேன். புதுசு மாதிரி மின்னியது.

நடுவில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மறைத்தேன் என்று வரக்கூடாது. அந்தக் கடைசி வாரம் அவர் துடைக்க ஆரம்பித்திருந்தார். பகவதி ஏதோ சொல்லியிருக்கிறாள் போல. வீட்டிலிருந்தே ஒரு பழைய வேட்டித் துணி கொண்டுவந்து, வளையம், ஸ்பிரிங் எல்லாவற்றையும் துடைத்து, "போதுமா அண்ணாச்சி? இனி உங்க வாயில நான் விழமாட்டேன்," என்றார். ஆனால் வட்டமாகத் துடைத்தார், தம்பி. தோலை நீளவாக்கில்தான் துடைக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை வந்தார். நாலைந்து நாளாக அவரிடம், சுற்ற வேண்டாம், தோளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். அன்று சுற்றலாம் என்றேன். சந்தோஷப்பட்டார். அண்ணாந்து வாரைப் பார்த்து, "பளபளன்னு இருக்கே!" என்றார். பிறகு குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, கீழ மெத்தையக் காணுமே?"

"தட்டிக் காயப்போட்டிருக்கேன், வே. உமக்கு எதுக்கு மெத்தை? அது விழுதவனுக்கு."

அவர் சிரித்தார். நான் அவரைப் புகழ்ந்தது அந்த ஒரே தடவைதான். முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? நின்று, மூச்சை இழுத்து, வளையத்தைப் பிடித்து எழும்பினார். கால் மேலே போனது. தலைகீழானார். வார் அறுந்த சத்தம் பெரிதாக இல்லை. கொட்டாங்கச்சி உடைகிற மாதிரி ஒன்று. பிடரி கல்லில் பட்டது.

மெத்தைக்குச் சனிக்கிழமைதானே என்று கேட்க வாயெடுக்கிறீர்கள். ஆமாம். சனிக்கிழமைதான். இருபத்தொன்பது வருஷ வழக்கத்தை அந்த ஒருநாள் மாற்றினேன்.

சுந்தரபாய் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "ஏங்க, டாக்டரக் கூப்பிடுங்க! ஓடுங்க!" என்று அலறினாள். ஓடினேன். ஓட்டத்தில் நான் எப்போதும் ஒரே நிதானம். ஆரம்பத்தில் வேகமெடுத்தால் முடிவில் மூச்சு நிற்காது என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். டாக்டர் வந்தபோது ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் தரையைச் சோடா உப்பு போட்டுக் கழுவினேன். பத்து நாள் கழித்து பகவதி ஒரு துண்டோடு வந்தாள். என் துண்டு, எப்போதோ அவர் தோளில் போட்டுக்கொண்டு போனது. துவைத்து, கஞ்சி போட்டு, நாலாக மடித்திருந்தாள். "உங்க சாமானுன்னா அவ்வளவு பயப்படுவாக, சார்," என்றாள். அந்த வீட்டிலும் சுத்தம் தெரிந்த ஒருத்தி இருந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சுந்தரபாய் ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. போன வாரம் காப்பியை வைத்துவிட்டு, நின்றுகொண்டே கேட்டாள்: "உங்களுக்கு முடியலன்னுதானே?" அவ்வளவுதான். பெட்டியை எடுத்துக்கொண்டு வாசுதேவநல்லூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். எது முடியவில்லை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காப்பி ஆறியிருந்தது.

அதற்காக நான் இங்கே வரவில்லை. மனச்சாட்சி உறுத்தி வந்தேன் என்றும் எழுதிவிடாதீர்கள், ஏட்டையா. முந்தாநாள் தபாலாபீஸில் உங்கள் கான்ஸ்டபிள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேஸை விபத்து என்று முடித்தீர்களாம். காரணம் என்ற இடத்தில், "தேகப்பயிற்சிச் சாமான்கள் சரிவரப் பேணப்படாததால்" என்று எழுதியிருக்கிறீர்களாம். படித்தேன் என்று அவனே சொன்னான். பக்கத்தில் நின்றிருந்த பழைய மாணவன் ஒருத்தன் சிரித்தான். டிரில் மாஸ்டர் வீட்டு வார் பேணாமல் அறுந்ததாம்.

தம்பி, அந்த அறைக்கு வாருங்கள். ஸ்பிரிங்கைத் தொட்டுப் பாருங்கள். கர்லாக்கட்டையில் முகம் தெரியும். வலது பக்கத்து வாரை இரண்டு பேராகத் தொங்கி இழுங்கள். அறுந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். என் சாமான் ஒன்றும் தானாக அறுந்ததில்லை. அந்த வாரை நான் அறுத்தேன். மெத்தையை நான் எடுத்தேன். சுற்றச் சொன்னதும் நான். காந்திமதிநாதனை நான் கொன்றேன். அந்த வரியை அடித்துவிட்டு இதை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

காரணம் என்ற இடத்தில், அவர் துடைக்கவில்லை என்று போடுங்கள். வாசுதேவநல்லூருக்கு ஆள் அனுப்பிக் கேட்டால் சுந்தரபாய் பொறாமை என்பாள். எடுத்துக்கொள்ளாதீர்கள். சாமான்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.