வெயில் இல்லாத நாளிலும் கூசிய கண்

"ஊசியும் போடல, மாத்திரையும் தரல. அப்புறம் இன்னாதான்டி பண்ணாங்க?"

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் திரும்பும் பேருந்து. எனக்கு முன்சீட்டில் உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். தேவி உளவியலாளரைப் பார்த்துவிட்டு வருகிறாள். துணைக்குப் போய் வெளியே காத்திருந்தவள் மேரி. கேள்வி மேரியுடையது.

"பேசச் சொன்னாங்க. நான் பேசப் பேச கேட்டுக்கினு இருந்தாங்க. நடுவுல கேள்வி கேட்டாங்க."

"அதத்தான் நான் தெனம் பண்றேனே!"

"நீ சாயங்காலத்துக்குள்ள அளம் முழுக்கச் சொல்லிடுவ. அவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க."

மேரி இதை மறுக்கவில்லை.

"பைத்தியம் புடிச்சவங்கதானே அங்க போவாங்க? உனக்கு இன்னா?"

"அளத்துல எப்பப் பாத்தாலும் கண்ணத் தொடைக்கிறேனே, அது இன்னா?"

"வெயில்ல உப்பு பளபளக்குது, கண்ணு கூசுது. எல்லாருக்கும்தான்."

"நானும் அப்படித்தான் சொல்லிக்கினு இருந்தேன். ஒரு நாள் மப்பும் மந்தாரமுமா வெயிலே இல்ல. அப்பவும் கண்ணுல தண்ணி நிக்கல. சோறு எறங்கல, தூக்கமும் கெட்டுப் போச்சு. இது வெயில் இல்லன்னு அப்பதான் புரிஞ்சிச்சு."

"இப்ப நின்னுடுச்சா?"

"ஒரே நாள்ல நிக்குமா? அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்காங்க. ஆனா பஸ் ஏறுறதுக்கு முன்னாடி பரோட்டா சாப்ட்டேனே, பாத்தல்ல?"

மேரி சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்கு இன்னாடி?"

"ஜன்னல் வழியா தூசி."

மழைக்காக ஜன்னல் ஷட்டரை எப்போதோ இறக்கிவிட்டிருந்தார்கள். தேவி அதைப் பார்த்தாள், பிறகு மேரியைப் பார்த்தாள்.

"அடுத்த வாரம் நீயும் உள்ள வா. அளத்துல நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."