நாற்பத்தேழாம் நம்பர் டோக்கன்

“வாப்பா, நீங்க இங்க பட்டன அமுக்கினா, அங்க மெஷின் கிட்ட இருக்கிறவங்களுக்குத் தெரியுமா?”

இதைக் கேட்டவள் ஹுமைரா. என் மச்சினன் இஜாஸின் மகள். அப்போது அவளுக்கு ஆறு வயது. இஜாஸ் சிரித்தான். பதில் சொல்லவில்லை. அன்று இரவே பதில் வந்தது.

போன ஐப்பசி மழையில் எங்கள் கம்பெனி பஸ் ஊத்துக்கோட்டைக்கு முன்னால் நின்றுபோனது. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர். மணி பத்தரை. பஸ்ஸில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். டிரைவர் பாக்கியநாதன் பேட்டரி போய்விடும் என்று விளக்கை அணைத்துவிட்டார். இருட்டில் மழைச் சத்தம் மட்டும்.

“ஹபிபுல்லா பாய், இப்டியே குந்திக்கினு இருந்தா எப்டி? எதுனா சொல்லுங்க. பேய்க் கதை இருந்தா சொல்லுங்க” என்றாள் கேன்டீனில் வேலை செய்யும் சின்னப்பொண்ணு.

“பாய் கிட்டயா கேக்கற? அவுரு கொசுவ அடிச்சாலே மன்னிப்புக் கேக்கற ஆளு. அவுரு பேயே நமக்கு டீ ஊத்திக் குடுக்கும்” என்றார் பாக்கியநாதன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று எங்கள் மார்க்கம் சொல்லவில்லை. அதனால் இதைப் பேய்க் கதை என்று நான் சொல்ல மாட்டேன். இஜாஸ் சொன்னதைச் சொல்கிறேன். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மிச்சத்தை இறைவன் அறிவான்.

சின்னப்பொண்ணு புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன் சீட்டுக்கு வந்தாள். மற்றவர்களும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

நான் சொல்லத் தொடங்கினேன். அன்றைக்கு மணி இரவு பதினொன்றரை. நாகலாபுரம் தாண்டி மலைக்கு ஏறும் ரோடு. ஒன்பது மணிக்கு மேல் அதில் வண்டி கிடையாது. ரோடு முடிகிற இடத்தில் ஒரு ரிசார்ட். ஏழு காட்டேஜ். கடைசிக் காட்டேஜில் மட்டும் ஒரு லேப்டாப் வெளிச்சம்...

அதன் முன்னால் இஜாஸ்.

2009, மே மாதம். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையில் அவன் கன்ட்ரோல் இன்ஜினியர். பழுக்கக் காய்ச்சிய இரும்பை உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி நசுக்கிக் கம்பியாக இழுக்கிற ஆலை. அவன் மனைவி மெஹர்னிசாவுக்கு டைபாய்டு வந்து உடம்பு தேறவில்லை. குளிர்ந்த இடத்தில் பத்து நாள் வைத்திருங்கள் என்று டாக்டர் சொன்னார். ஆலையில் லீவு தரவில்லை. “லேப்டாப்ப எடுத்துக்கினு போ. எங்க இருந்து பாத்தா இன்னா?” என்று அனுப்பினார்கள். அப்போது அது புதுசு. ரிசார்ட்காரர் ரிசப்ஷனிலிருந்து நீளமாக ஒயர் இழுத்துக் கொடுத்தார். “மலைமேல குந்திக்கினு மில்லு ஓட்றியா நைனா? நல்ல உத்தியோகம்” என்றார்.

உண்மையில் நல்ல உத்தியோகம்தான். உருளைகள் ஓடுவது திரையில் பச்சையாகத் தெரியும். நின்றால் சிவப்பு. இஜாஸ் பாஸ்வேர்டு போட்டு ஒரு பட்டனை அமுக்கினால், அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் மறுபடி ஓடும்.

திரையில் தெரியாதது ஒன்று உண்டு. அதுதான் கொக்கி.

பாக்கியநாதன் இருட்டில், “ஆமா பாய், டோக்கன் கொக்கி” என்றார். அவர் அந்த ஆலையில் லாரி ஓட்டியவர்.

அங்கே ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பித்தளை டோக்கன். அதில் அவன் நம்பர். கம்பி சிக்கிக்கொண்டால் உருளைக்குள் இறங்கித்தான் வெட்டி எடுக்க வேண்டும். இறங்குகிறவன் முதலில் பேனல் ரூமுக்குப் போய், ஸ்டார்ட் பட்டனுக்கு மேலே இருக்கும் கொக்கியில் தன் டோக்கனை மாட்ட வேண்டும். கொக்கியில் டோக்கன் தொங்கினால் முதலாளியே வந்தாலும் பட்டனைத் தொடக் கூடாது. மாட்டியவன்தான் எடுக்க வேண்டும். வேறு கை படக் கூடாது. குடித்துவிட்டு வருகிறவன் கூட இதை மீற மாட்டான்.

ஒரே ஒரு தரம் மீறினார்கள். 2007, நோன்பு மாதம். தேசப்பன் என்கிற ஃபிட்டர், மீஞ்சூர்க்காரர், நாற்பத்தேழாம் நம்பர் டோக்கனை மாட்டிவிட்டு உள்ளே இறங்கினார். அவசரத்தில் ஒரு கை அதை எடுத்து மேஜையில் வைத்தது. அந்தக் கை யாருடையது என்று கடைசி வரை தெரியவில்லை. உருளை ஓடியது...

இஜாஸ்தான் முதலில் ஓடினான். தேசப்பனை வெளியே இழுத்தபோது மார்பு இருக்க வேண்டிய இடத்தில் மார்பு இல்லை. சட்டையும் சதையும் தகடு போல ஒன்றாக இருந்தன. ஆனால் கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. தண்ணீர்.

நோன்பு திறக்கப் பத்து நிமிடம் இருந்தது. இஜாஸ் கையில் நோன்பு திறக்க வைத்திருந்த பாட்டில். சுற்றி நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். அவன் தரையில் உட்கார்ந்து, அந்தத் தலையை மடியில் வைத்து, மூடி மூடியாக ஊற்றினான். பாட்டில் தீரும் வரை.

“பாக்கி கீது சார்... உனக்கு நான் குடுக்கணும்” என்றார் தேசப்பன். அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு இஜாஸோடு நானும் போனேன். அவர் மனைவி ஞானம்மா அந்த டோக்கனைக் கேட்டு வாங்கி, சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அவர் சட்டைப் பையில் போட்டாள். “அவுரு மாட்னது. அவுருகிட்டயே இருக்கட்டும்” என்றாள். ஆணி அடித்ததை நான் பார்த்தேன். மண் போட்டதைப் பார்த்தேன். நானும் மூன்று பிடி போட்டேன்.

“அய்ய... எனக்கு இப்பவே ஒரு மாதிரி கீது” என்றாள் சின்னப்பொண்ணு. யாரும் சிரிக்கவில்லை.

இப்போது மலைக்கு வாருங்கள்.

பதினொன்று நாற்பது. திரையில் ஆறாவது உருளை சிவப்பாகியது. கம்பி சிக்கிவிட்டது. சாம்சன் என்கிற ஆள் பேனல் ரூமுக்குப் போய்த் தன் டோக்கனை மாட்டிவிட்டு, கட்டர் எடுத்துக்கொண்டு உருளைக்குள் இறங்கினான். வயது இருபத்தாறு. கல்யாணமாகி ஆறு மாதம். பேனல் ரூமில் இருந்த ஆபரேட்டர் டோக்கனைப் பார்த்தான். இனி அரை மணி வேலை இல்லை என்று சாப்பிடப் போனான். அதுவரை எல்லாம் முறைப்படிதான்.

ஷிப்ட் இன்சார்ஜ் மணவாளன் ஆலை வாசல் கேட் பக்கம் எடைமேடையில் இருந்தார். லாரிகள் காத்துக்கொண்டிருந்தன. அங்கிருந்தே இஜாஸுக்குப் போன் போட்டார்.

“சார், ஆறாம் நம்பர் நின்னு பத்து நிமிசம் ஆச்சு. கம்பிய வெட்டி இருப்பானுங்க. ஸ்டார்ட் குடு சார்.”

இருப்பானுங்க. பார்த்தேன் என்று சொல்லவில்லை.

ஆலையில் இருந்திருந்தால் இஜாஸின் கண் தானாகக் கொக்கிக்குப் போயிருக்கும். கேட்க வேண்டும் என்று கூடத் தோன்றியிருக்காது. பார்த்துப் பழகியதால் அவன் அதைக் கேட்டுப் பழகவில்லை. ஆறு நாளாக மலையில்... தூக்கம் வேறு. “சரி, குடுக்கறேன்” என்று போனை வைத்தான்.

பாஸ்வேர்டு அடித்தான். சாம்சன் உருளைக்குள் குனிந்திருந்தான்.

அப்போது ஒரு வாசனை. பழுத்த இரும்பு தண்ணீரில் பட்டால் வருமே, அது. கூடவே கருகிய பருத்திக் கையுறை. மலைக்காற்றில் அந்த வாசனைக்கு வழியே இல்லை.

பிறகு சத்தம். கிணிங்... சின்னதாக. பித்தளை கொக்கியில் மாட்டுகிற சத்தம். அவன் முதுகுக்குப் பின்னால்.

திரும்பவில்லை. கை பட்டனுக்குப் போனது.

அந்தக் கையை ஒன்று பிடித்தது.

மணிக்கட்டில் ‘சுர்’ என்று தோல் பொசுங்கியது. இஜாஸ் கத்தினான். அது அவனை நாற்காலியோடு தூக்கிச் சுவரில் அடித்தது. கண்ணாடி அலமாரி நொறுங்கி அவன் மேல் கொட்டியது. வாயில் ரத்தம். எழுந்து நாற்காலிக் காலை உடைத்து எடுத்து வீசினான். பட்டது. தகரத்தில் பட்ட சத்தம் கேட்டது. லேப்டாப் வெளிச்சத்தில் ஒரு சட்டை தெரிந்தது. சட்டைக்குள் ஆள் இருந்தான்... ஆனால் கனம் இல்லை. பக்கவாட்டில் திரும்பியபோது ஒரு விரற்கடைதான் இருந்தது.

“விடு! என்னை விடு! நான் இன்னா பண்ணேன் உனக்கு?”

மூச்சுச் சத்தம் கூட இல்லை. அது அவன் வலது கையைத் தேடியது. பட்டனை அமுக்கும் கையை. மேஜை விளிம்பில் வைத்து அழுத்தியது. ஆள்காட்டி விரல். பச்சை மூங்கில் முறிகிற சத்தம். அடுத்த விரல். அடுத்தது. நிதானமாக, ஒவ்வொன்றாக, வேலை தெரிந்த ஃபிட்டர் நட்டு கழற்றுவது போல.

இடது கையால் பட்டனை எட்டப் பார்த்தான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. சொன்ன வேலையை முடிக்கிற புத்தி. அது லேப்டாப்பைத் தூக்கித் தரையில் அடித்தது. ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாவது அடியில் திரை இரண்டாகப் பிளந்து அணைந்தது.

இருட்டு.

கட்டிலில் மாத்திரை மயக்கத்தில் கிடந்த மெஹர்னிசா எழுந்து விளக்கைப் போட்டபோது அறையில் வேற்று ஆள் யாரும் இல்லை. சுவரெல்லாம் ரத்தம். கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. ஹுமைரா கட்டிலில் விழித்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

செல்போன் அடித்தது. மெஹர்னிசா எடுத்து அவன் காதில் வைத்தாள். மணவாளன். அழுதுகொண்டே பேசினார்.

“சார், ஸ்டார்ட் குடுக்கலியே? குடுக்கலியே சார்? உள்ள சாம்சன் இருந்தான் சார். இப்பதான் வெளிய வந்தான். டோக்கன் தொங்கிக்கினு இருக்குது சார்... நான் பாக்கலியே. நீயும் கேக்கலியே சார்!”

இஜாஸ் தரையில் கன்னத்தை வைத்தபடி கிடந்தான். அவன் கண்ணுக்கு நேரே, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில், ஒரு பித்தளை டோக்கன் கிடந்தது. நாற்பத்தேழு. நம்பரின் பள்ளத்தில் மண் அடைத்திருந்தது. தொட்டால் சூடு.

மறுநாள் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் நான் கூட இருந்தேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “எந்த மில்லுல வேலை? ரோலர் நடுவுல மாட்டின கை இது” என்றார். மலையில் இருந்தான் என்று நாங்கள் சொல்லவில்லை.

“ஏன் பாய், உதவி பண்ண வந்தவரு எதுக்கு அப்டி அடிக்கணும்?” என்று சின்னப்பொண்ணு கேட்டாள். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

பாக்கியநாதன்தான் பதில் சொன்னார். “மெதுவா சொன்னா நின்னு இருப்பானா? நீயே சொல்லு.”

ஒருவர் வாயில் ஊற்றிய தண்ணீர் எந்த உருவத்தில் திரும்பி வரும் என்று யாருக்குத் தெரியும்? வாங்கியவருக்கு மிச்சமிருந்தது நசுங்கிய உடம்பு ஒன்றுதான். அதைக் கொண்டுதான் அவர் கொடுக்க முடியும். இஜாஸ் மூன்று விரலைக் கொடுத்து ஓர் உயிரைக் கொல்லாமல் தப்பினான். சாம்சனுக்கு அந்த ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. பிரின்சி என்று பேர். அன்று மலையில் நடந்தது அவனுக்குத் தெரியாது.

இனி ஒன்றுதான் பாக்கி.

அதே ஆவணியில் நோன்பு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலைக்கு விடுமுறை. இஜாஸ் என்னைக் கேட்டில் உட்கார வைத்துவிட்டுத் தனியாக உள்ளே போனான். பையில் டோக்கன். கூட ஒரு தண்ணீர் பாட்டில், கடையில் வாங்கியது, சீல் உடைக்காதது. நோன்பு திறக்கப் பத்து நிமிடம் இருந்தது.

பேனல் ரூமில் யாரும் இல்லை. டோக்கனை இடது கையால் கொக்கியில் மாட்டினான். அதற்கு நேர் கீழே பாட்டிலை வைத்தான். “உங்களுது” என்று மட்டும் சொன்னான். கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வராந்தாவில் ஒரு பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தான். தண்ணீர் குடிக்கவில்லை. அங்கேயே தொழுதான்.

தொழுகையின் நடுவில் உள்ளே ஒரு சத்தம் கேட்டதாம். கிணிங்... இந்த முறை மாட்டுகிற சத்தம் இல்லை. எடுக்கிற சத்தம்.

முடித்துவிட்டுக் கதவைத் திறந்தான்.

கொக்கி காலி.

கீழே பாட்டில் வைத்த இடத்திலேயே நின்றது. எடுத்து வந்து கேட்டில் என் கையில் கொடுத்தான். மூடியை நானே தடவிப் பார்த்தேன். சீல் உடையவில்லை.

உள்ளே ஒரு சொட்டுக் கூட இல்லை.