சூராட் வாங்கப் போன நேரம்

திங்கட்கிழமை. காலை 6:55. செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் காடி போய்க்கொண்டிருக்கிறது. நான் ஓட்டுகிறேன். இரண்டாம் கியரைத் தாண்டவில்லை. பக்கத்து சீட்டில் என் கணவர் செல்வம். வாய் வலப்பக்கம் தொங்குகிறது. வலது கை மடியில் கிடக்கிறது. ஒவ்வொரு குழியிலும் சரிந்து விழுகிறது. எடுத்து வைக்கிறேன். மறுபடி விழுகிறது.

6:40க்கு அவர் கையிலிருந்து காப்பி மங்கு விழுந்தது. எவர்சில்வர் மங்கு. சிமெண்டுத் தரையில் டங்கென்று விழுந்து, உருண்டு, கதவில் முட்டி நின்றது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர். ஃபேக்டரி வேலைக்குப் புக்கிட் தெங்காவுக்கு எங்களை ஏற்றிப்போகும் பஸ். இருபத்திரண்டு வருடமாக ஸ்டியரிங் பிடித்த கை அது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். பட்டணத்துக்காரர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். அது சிம்பாங் அம்பாட் டவுனிலிருந்து தோட்டத்துக்கு உள்ளே வர வேண்டும். எங்கள் லயத்து வீடுகளுக்கு எண் கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஆம்புலன்ஸ் ஒரு மணி நேரம் செம்பனைக்குள் சுற்றியது. சைரன் கேட்டது. வண்டி வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு ஆணியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் தொங்கும். உள்ளே மருந்துப் புத்தகம், பிறகு பழைய சூராட்டுகள். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சின்ன கிளினிக் எழுதித் தரும் கடிதம்தான் சூராட். அது இல்லாமல் இரண்டு முறை கடல் பாலம் தாண்டித் தீவிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருக்கிறோம். அவர் கண்ணுக்கு ஒரு முறை, என் முட்டிக்கு ஒரு முறை. லீவு போட்டு, பஸ் மாறிப் போய், "சூராட் எங்கே?" என்ற ஒரே கேள்வியோடு வீட்டுக்கு வந்தோம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. அன்று காலையும் நான் முதலில் எடுத்தது கார் சாவியை இல்லை. ஃபைலை.

7:05. உள்ளூர் கிளினிக். கேட்டில் பூட்டு. நர்ஸ் இந்த வாரம் வேறு ஊரில் என்று ஒரு தாள். காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது.

அவர் வாயைக் கோணி, கஷ்டப்பட்டு, ஒரு சொல்லைச் சொன்னார். "போலாம்." இடது கையால் பெரிய ரோட்டைக் காட்டினார். நேராக ஆஸ்பத்திரிக்கு என்று அர்த்தம். எனக்குப் புரிந்தது. புரியாமல் இல்லை.

7:35. டவுன் கிளினிக். எட்டு மணிக்குத்தான் திறக்கும். வாசலில் நாற்பது பேருக்கு மேல். அவரைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். கோணிய வாயை யாரும் பார்க்கக்கூடாதென்று துண்டால் மூடினேன். ஆமாம், நான்தான் மூடினேன். கவுண்டர் திறந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன்: பெரிய ஆஸ்பத்திரிக்குச் சூராட் வேண்டும்.

என் புருஷனைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லவில்லை. கைகால் விழுந்துவிட்டது என்று சொல்லவில்லை. சூராட் கேட்டேன். சூராட் கேட்டவளுக்கு நம்பர் கொடுத்தார்கள். நாற்பத்து மூன்று. கவுண்டர் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடிதம் கேட்கவே எங்களைப் பழக்கி வைத்திருக்கிறார்களே, அதன் மேல்தான் கோபம்.

டிங். ஒன்பது. டிங். பத்து. அவர் துண்டுக்குள்ளிருந்து சொல்கிறார். போலாம். டிங். பதினேழு.

9:20. எங்கள் நம்பர் வந்தது. டாக்டர் துண்டை விலக்கினார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்தார்.

"எத்தன மணிக்கு ஆரம்பிச்சது? எத்தன மணிக்கு?"

அதன் பிறகு எல்லோரும் ஓடினார்கள். 9:50க்கு ஆம்புலன்ஸ். 10:15க்குப் பாலத்துக்கு இக்கரையில் இருக்கும் ஆஸ்பத்திரி. 10:45க்கு தலையைப் படம் எடுத்தார்கள். மூளையில் அடைப்பு. கரைக்க ஊசி இருக்கிறதாம். நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். போடுகிற டாக்டர் தீவில்தான் இருக்கிறாராம். எல்லாமே தீவில்தான் இருக்கிறது.

11:10. பாலத்தின் நடுவில் இருக்கிறோம். முன்னால் ஒரு லோரி பழுதாகி நிற்கிறது. சைரன் அலறுகிறது. வண்டி அசையவில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்துகிறார்: "தெப்பி! தெப்பி! ஒதுங்கு!" ஒதுங்க இடம் எங்கே? கீழே கடல். அக்கரையில் ஜார்ஜ் டவுன் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. நாலரை மணி நேரம் அந்தப் பாலத்தின் மேலேதான் முடிந்தது.

12:05க்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு தாதி என் கையிலிருந்த சூராட்டைப் பார்த்தாள். எமர்ஜென்சிக்கு இது வேண்டியதில்லை என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பாய். ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். அதே நோய், அதே திங்கட்கிழமை. மூன்றாம் நாள் தானாக எழுந்து கழிப்பறைக்கு நடந்தார். எங்களைப் பார்த்து நொந்துபோய், நாங்கள் ஏன் தாமதித்தோம் என்று கேட்டார். சூராட் கதையைச் சொன்னேன்.

"என்னா லெட்டர், தங்கச்சி? மவன் காடில தூக்கிப் போட்டு வந்துட்டான்லா. இருவது நிமிசம். யாரும் லெட்டர் கேக்கல."

நல்ல மனுஷர். தன் பழத்தில் பாதியை எங்களுக்குக் கொடுத்தார். ஆனாலும் அவர் நடப்பதைப் பார்க்க எனக்கு வயிறெரிந்தது. ஒரே அரசாங்கம், ஒரே மாநிலம். இடையில் ஒரு பாலம்.

இழந்தவற்றைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வலது கை. ஒரு வலது கால். பஸ் ஓட்டும் லைசென்ஸ் ஒன்று. ஏறும்போது எங்கள் நாற்பது பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல். என் பெயர். எங்கள் மகள் பெயர். அவருக்குத் தெரிந்த எல்லாச் சொற்களும், ஒன்றைத் தவிர.

மிஞ்சியது அந்த ஒன்றுதான். பசித்தாலும் "போலாம்". வலித்தாலும் "போலாம்". என்னைக் கூப்பிடவும் "போலாம்".

அன்று அந்தக் கிளினிக் நாற்காலியில் அவர் அதை ஏழு முறை சொன்னார். ஏழு முறையும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்.

"இருங்க. மொதல்ல சூராட் வாங்கிக்கலாம்."