தையல் கடைக்குக் கீழே ஒரு வளைவு

எனக்கு வளைவுகள் பிடிக்காது. வளைவில் சக்கரம் தேயும், தண்டவாளம் தேயும், வண்டி கிறீச்சிடும், நின்றுகொண்டு வருபவர் பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்வார். ஒரு நகரத்துக்கு அடியில் சுரங்க ரயில் விடுவதென்றால் அதை முடிந்தவரை நேராக விட வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே அலுவலகத்தில் எனக்கு 'ஸ்கேல்' என்று பெயர் வந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுவார்கள், எனக்குத் தெரியாது என்ற நினைப்பில். எனக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

அதனால் நீங்கள் முதல் நாளிலிருந்து கேட்கும் கேள்வி நியாயமானது. இப்படிப்பட்ட நேர்கோட்டுக்காரன் புதிய தடத்தில் மட்டும் பெரிய சாலையை விட்டு விலகி, அந்தத் தையல் கடைச் சந்துக்குக் கீழே ஏன் ஒரு வளைவு போட்டான்? தாளும் பேனாவும் கொடுத்து, என் கைப்பட எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். மண் ஆய்வுப் பிரிவு அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவரை அனுப்பிவிடுங்கள். அவர் ஒரு தகப்பனை நம்பினார், வேறெதுவும் செய்யவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன் என்று எல்லாரும் சொல்வார்கள், நான் அதை வேலையாகவே செய்தேன். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே அந்த வழியில் நான் பலமுறை நடந்து பார்த்துவிட்டேன். எந்தப் பக்கம் நடைபாதை உண்டு, எந்த முனையில் நாய் படுத்திருக்கும், எந்தக் கடை வாசலில் சாலையைக் கடக்க வேண்டும் என்று வரைபடத் தாளில் இரண்டு வண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். கல்லூரிக்கும் அப்படியே. அவள் வேறு வழியில் வந்த நாட்களில் எனக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் நான் நின்றுகொண்டிருப்பேன். "அவ மூச்சு விடறதுக்காவது கொஞ்சம் இடம் விடுங்க" என்பாள் என் மனைவி. நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. பெண்ணைப் பெற்றவனுக்கு இதெல்லாம் சகஜம்.

மாப்பிள்ளையும் நல்ல பையன்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல் இருப்பார். கல்யாணமானதும் எங்கள் அடுத்த தெருவிலேயே வீடு பார்த்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் வீட்டுக்காரருக்கு வீடு தேவைப்படுகிறது என்று மகள் சொன்னாள், சந்தைக்கு அந்தப் பக்கம் போனார்கள். அங்கே தண்ணீர்ப் பிரச்சினை என்றாள், ஆற்றுக்கு அக்கரை போனார்கள். அங்கே என்ன பிரச்சினையோ, கடைசியில் நகரத்தின் மறுகோடியில் அந்தச் சந்துக்கு வந்து சேர்ந்தார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் பாடு அப்படித்தான். முதல் வீட்டுக்காரரின் வாசலில் 'வாடகைக்கு' என்ற பலகை வெகுநாள் தொங்கியது. பாவம், அவருடைய தேவை மாறிப் போயிருக்கும்.

"ரெண்டு பஸ் மாறணும்பா. உங்களுக்கு முட்டி வலி வேற. நீங்க எதுக்கு அலையறீங்க, நாங்களே வர்றோம்" என்றாள் மகள். என் முட்டியைப் பற்றி அவள் கவலைப்பட்டது எனக்கு நெஞ்சை நிறைத்தது. ஆனால் அவர்கள் வரவில்லை. அதனால் விடுமுறை நாட்களில் நானே போனேன்.

அவர்கள் இருந்தது மாடியில். கீழே தையல் கடை, அதன் பின்னறையில் தையல்கார அம்மா தனியாகக் குடியிருந்தார். நான் போகும்போதெல்லாம் மாடிக் கதவு பூட்டியிருக்கும். "பொண்ணு மேல... இல்ல சார், வெளிய போயிருக்கு. உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவார் அந்த அம்மா. தண்ணீர் கொடுப்பார். நான் வந்ததும் தையல் மெஷினை வேகமாக மிதிக்க ஆரம்பித்துவிடுவார், மேலே சத்தம் கேட்டாலும் சரியாகப் பிடிபடாது. பழைய கட்டடம், எலி ஓடும் என்று நினைத்துக்கொள்வேன். சில நேரம் அந்த எலி நாற்காலியை இழுத்துப் போடுவது போலவும் கேட்கும்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் அவர் கேட்டார், "நீங்க பூமிக்கு அடியில ரயில் விடறவராமே? எங்க கடைக்கு ஒரு ஸ்டேஷன் விடுங்க சார். அளவு கொடுக்க வர்றவங்க கஷ்டப்படாம வந்து போவாங்க."

"விட்டுட்டா போச்சு" என்றேன் நான். இருவரும் சிரித்தோம். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். முதலில் கேட்டது அவர்தான்.

அன்றுதான் அவருடைய மெஷினைக் கவனித்தேன். சுவர்ப் பக்கத்துக் கால்களுக்கு மட்டும் கட்டைகள் முட்டுக் கொடுத்திருந்தன. ஏன் என்று கேட்டேன்.

"தரை அந்தப் பக்கம் இறங்கிக்கிட்டே போகுது சார். நானும் கட்டை மேல கட்டையா வெச்சுக்கிட்டிருக்கேன். இல்லைன்னா மெஷின் என்னை விட்டுட்டுத் தானா நடந்து போயிடும்."

அதற்கும் சிரித்தோம். ஆனால் அந்தக் கட்டைகளைப் பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. தரை ஒரு பக்கமாக இறங்குகிறது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி நிற்கிறது. எப்போதோ தூர்த்து மூடிய குளத்தின் மேல் அந்தச் சந்து நின்றுகொண்டிருந்தது. கீழே இருப்பது மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. இதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அதற்கு அடுத்த வாரம் வளைவைப் போட்டேன். பெரிய சாலைக்கு அடியில் பாறை, தடம் நேராகப் போயிருக்கும், ஆனால் அதில் வரும் ஸ்டேஷனிலிருந்து மகள் வீட்டுக்கு மறுபடியும் ஒரு பஸ் பிடிக்க வேண்டும். சந்து வழியாக வளைத்தால் ஸ்டேஷன் படியேறியதும் அவள் வீட்டு ஜன்னல் தெரியும். காரணங்கள் எழுதுவது எங்கள் தொழிலில் கஷ்டமில்லை. பக்கத்தில் ஒரு மருத்துவமனை இருந்தது, ஒரு சந்தை இருந்தது, எழுதினேன். கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. "ஸ்கேலே வளைச்சிருக்காருன்னா சும்மாவா" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

இப்போது கேள்விக்குறி விஷயம். தடம் போகும் வழியில் இடைவெளி விட்டு விட்டுத் துளை போட்டு, அடியில் என்ன மண் என்று எடுத்துப் பார்ப்போம். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அங்கே புள்ளிக்கோடு போட்டு, மேலே ஒரு கேள்விக்குறி வைப்பது வழக்கம். நமக்குத் தெரியாது என்பதை நாமே ஒப்புக்கொள்ளும் அடையாளம் அது. மண் ஆய்வு அம்மா அதில் தாராளம், அதனால் அவருக்கு 'சந்தேகம் மேடம்' என்று பெயர். தையல் கடைச் சந்துக்குக் கீழேயும் அவர் கேள்விக்குறி வைத்திருந்தார்.

"சார், இந்த வளைவுல ஒரு துளையாவது போட்டுடணும். ரெண்டு பக்கமும் பாறை இருக்கு, நடுவுல என்னன்னு தெரியலையே" என்றார்.

"சந்து குறுகல் மேடம், துளை போடற வண்டி உள்ள நுழையாது" என்றேன். அது உண்மையில்லை. கொஞ்சம் சிரமப்பட்டால் நுழையும். அவர் முகம் தெளியாததைப் பார்த்துவிட்டு, "என் பொண்ணு வீடே அங்கதான் இருக்கு. போய் வந்துக்கிட்டிருக்கேன். நல்ல பாறை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, "அப்ப சரி சார். உங்க பொண்ணு வீட்டுக்கு அடியில நீங்க தெரியாமலா கொண்டு போவீங்க" என்று ரப்பரை எடுத்துக் கேள்விக்குறியை அழித்தார். அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அதுதான் அவர் செய்த பிழை. தகப்பன் பாசத்தை மண் பரிசோதனையாக எடுத்துக்கொண்டார்.

துளை போட்டிருந்தால் குளம் தெரிந்திருக்கும், தடத்தைச் சாலைக்கே திருப்பியிருப்பார்கள், நான் மறுபடி இரண்டு பஸ் மாறியிருப்பேன். இப்படிப்பட்ட மண்ணிலும் தோண்டும் இயந்திரம் பல முறை ஆபத்தில்லாமல் தாண்டிப் போயிருக்கிறது. "கடந்துடும்" என்று எங்களுக்குள் சொல்வோம். பெரும்பாலும் கடந்துவிடும்.

அன்று காலை சுரங்கத்திலிருந்து குழுத் தலைவர் போன் செய்தார். இயந்திரம் தையல் கடையை நெருங்கிக்கொண்டிருந்தது. "சார், வரவேண்டிய அளவைவிட மண்ணு ஜாஸ்தியா வருது. தண்ணியும் வருது. மேல இருக்கறவங்களைக் கொஞ்ச நாளைக்கு வேற எடத்துக்கு மாத்திட்டுப் பாப்போமா? அதுவரைக்கும் நிறுத்திடறேன்."

நிறுத்தினால் மேலிருந்து துளை போடுவார்கள். போட்டால் எல்லாம் வெளிவந்துவிடும். "அது பாறைதான். ஓட்டுங்க, கடந்துடும்" என்றேன். பிறகு ஒரு டீ குடித்தேன். பிறகு மகளுக்குப் போன் செய்து, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லம்மா, உடனே கெளம்பி வா" என்றேன்.

தையல்கார அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். என்ன காரணம் சொல்லி அவரைக் கூப்பிடுவது? என் மனைவியை அவருக்குப் பழக்கமே கிடையாதே.

மகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் மனைவி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "எனக்கா? எனக்கு என்னடி, நல்லாத்தானே இருக்கேன்" என்றாள். எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சியாக இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு மூவரும் ஒரே அறையில் இருந்தோம். மகள் கோபித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவள் தட்டில் கை வைத்தபோது மாப்பிள்ளை அலுவலகத்திலிருந்து போன் செய்து சொன்னார். கட்டடம் அப்படியே உள்ளே போய்விட்டது. பக்கத்து வீடும் அதன் மேல் சரிந்துவிட்டது. தையல்கார அம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு வயதான கணவன் மனைவி. எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. அந்த அம்மா நாற்காலியைத் துடைக்காமல் ஒரு நாளும் எனக்குப் போட்டதில்லை.

மகள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா நல்லாத்தானே இருக்காங்க. என்னை மட்டும் எதுக்குப்பா இன்னைக்கு வரச் சொன்னீங்க?" என்று கேட்டாள். நான் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரி, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

"ஸ்டேஷன் உனக்காகத்தாம்மா. இனிமே ரெண்டு பஸ் மாறவேண்டாம்னு பாத்தேன்" என்றேன் கடைசியில்.

"ரெண்டு பஸ் மாறணும்னுதான்பா அந்த வீட்டையே தேடிப் புடிச்சோம்" என்றாள்.

அதிர்ச்சியில் இருப்பவர்கள் ஏதேதோ பேசுவார்கள். அன்று அவள் நேராக உங்களிடம் வந்தாள் என்று பிறகு தெரிந்தது. அதற்காக எனக்கு அவள் மேல் கோபம் இல்லை.

ஆக, நீங்கள் கேட்டபடி எழுதிவிட்டேன். குளம் இருந்தது எனக்குத் தெரியும். கேள்விக்குறியை அழிக்க வைத்தது நான். நிறுத்துகிறேன் என்றவரை ஓட்டச் சொன்னதும் நான். மூன்று பேர் மேலே இருக்கிறார்கள் என்று தெரிந்து, என் மகளை மட்டும் வெளியே எடுத்தேன். என் இடத்தில் எந்தத் தகப்பன் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பான்.

அவர்கள் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்களாம். எங்கே என்று என் மனைவி சொல்ல மறுக்கிறாள், நீங்களும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். பரவாயில்லை. நீங்கள் என்னை அழைத்து வருவதற்கு முந்தின நாள் அவள் அம்மாவுடன் போனில் பேசினாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவள் குரலுக்குப் பின்னால் கல் உடைக்கிற சத்தம் விடாமல் கேட்டது. இந்த நகரத்தில் குவாரி இருப்பது ஒரே ஒரு திசையில்தான். அந்தப் பக்கம் முழுக்க நல்ல பாறை, வளைவே தேவைப்படாது.