பனை விழுந்த வரப்பு

சித்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு விவசாயிகள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து பாத்தா, என்ற வயல்ல யாரோ நடவு முடிச்சிருந்தாங்க" என்றார் குடை வைத்திருந்தவர்.

"யாருங்க?"

"பக்கத்து வயக்காரரோட ஆளுங்க. பனையடி வயல்னு சொல்லி அனுப்பியிருக்காரு. அவரு வரப்புப் பனை காத்துக்கு உழுந்துபோச்சு. என்ற வரப்புல நிக்கற பனையைப் பாத்து என்ற வயல்ல எறங்கிட்டாங்க."

"யோகமுங்க! சும்மா கெடச்ச நடவு."

"அவருக்கு நாத்துத் தீந்துபோச்சே, வயல் தரிசாப் போயிருமே? என்ற நாத்தங்கால்ல இருந்ததைப் புடுங்கி அவரு வயல்ல நட்டுக் குடுத்துட்டேன்."

"எதுக்குங்க? நீங்களா நடச் சொன்னீங்க? கோர்ட்டுக்குப் போனாலும் தப்பு அவரு ஆளுங்களோடதுதானே?"

"நான் சொல்லலைங்க. ஆனா அறுக்கறது நானில்லீங்களா?"

மற்றவர் குடைக்காரர் மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.