வெயில் பட்ட சூடு

இன்ஸ்பெக்டர் சார், அந்த ஆங்கில வினைச்சொல்லை என்னிடம் முதலில் சொன்னது நீங்களா, என் மகள் சினேகாவா என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. அவள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். காலையில் சாப்பிடும்போது ஏதாவது ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்பாள். விபத்துக்கு முன்னால் ஒருநாள், "அப்பா, டவுன்பிளேன்னா என்னப்பா?" என்று கேட்ட மாதிரி இருக்கிறது. அல்லது ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் ஏட்டிடம், "எல்லாத்தையும் டவுன்பிளே பண்ணியிருக்கான்" என்று சொன்னதைத்தான் நான் பின்னால் கொண்டுபோய் அவள் வாயில் வைத்துவிட்டேனோ என்னவோ.

நான் ஆங்கில இலக்கியம் படித்தவன். சின்னதாக்கிச் சொல்வது என்று மேலோட்டமாக அர்த்தம் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு நிபந்தனை உண்டு. சொல்பவனுக்கு உண்மையான அளவு தெரிந்திருக்க வேண்டும். பாம்பென்று தெரியாமல் கயிறு என்றவன் ஏமாந்தவன். பாம்பைப் பார்த்துவிட்டு, "கயிறுதான், தாண்டி வா" என்றவனுக்கே அந்தச் சொல் பொருந்தும். எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். நீங்கள் எடுத்த சொல் சரியானது, சார்.

எம். புதுப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வெடிமருந்து கலக்கும் அறையில் யாராவது "வெளியே" என்று கத்தினால், கையில் இருப்பதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. ஒன்றும் நடக்காமல் போனாலும் கத்தியவரைத் திட்டக் கூடாது. எங்கும் எழுதி ஒட்டியதல்ல. ஆனாலும் யாரும் அதை மீறியதில்லை.

அய்யம்மாளின் புருஷன் இருளாண்டி சாத்தூர்ப் பக்கம் ஒரு வெடிவிபத்தில் செத்தவர். இந்த சீசனில் அவள் மருந்து சுடுவதாக நினைத்து இரண்டு தடவை கத்தினாள். இரண்டு தடவையும் ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை முதலாளி அண்ணாச்சி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு பொம்பளை கத்துனா கம்பெனியே வேப்ப மரத்தடியில நிக்குது. நீ என்னத்துக்குலே போர்மேன்?"

அத்தனை பேருக்கும் கேட்டது. எனக்குக் கோபம் சத்தமாக வராது. உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நாள் கணக்கில் எழுந்திருக்காது.

அவளைத் திட்ட முடியாது. அதனால் சிரித்தேன். மறுநாள் காலையில் அறை வாசலில் நின்று, "ஏக்கா, இன்னைக்குக் காய்ச்சல் உனக்கா, மருந்துக்கா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். தினமும் கேட்டேன். ரோஜா சின்னப் பெண், வாய்த்துடுக்கு. "அய்யம்மா சித்தி ஏப்பம் விட்டாக்கூட நாம வெளிய ஓடணும் போல" என்றாள். அய்யம்மாளும் சிரித்தாள். "போங்கடி, உங்களுக்கென்ன தெரியும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நாளில் அந்தச் சொல்லே வேடிக்கையாகிவிட்டது. மதியச் சோற்றில் உப்புக் கூடிப்போனால் "வெளியே" என்று கத்திவிட்டுச் சிரிப்பார்கள். சண்முகத்தாய் ஒருத்திதான் சிரிக்காமல் இருந்தாள். பிறகு அவளும் சிரித்தாள். நான் யாரையும் அடிக்கவில்லை, வேலையை விட்டு நிறுத்தவில்லை.

விபத்து நடந்த அன்றைக்கு முந்தின இரவு மழை. கலந்து மிச்சமான மருந்தை அன்றன்றைக்கே அழித்துவிட வேண்டும். ஆர்டர் நெருக்கியதால் நான்தான் வைக்கச் சொல்லியிருந்தேன். ஈரம் பட்ட மருந்து தானாகவே சூடேறும். இந்த ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். காலையில் அந்த மருந்து இருந்த பேசின் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. கையை எடுத்துவிட்டேன்.

அய்யம்மாள் பார்த்துவிட்டாள்.

"என்ன தம்பி, வெடுக்குன்னு கையை எடுத்தீக?"

"ஒண்ணுமில்லக்கா. வெயில் பட்ட சூடு."

அந்த அறைக்குள் வெயில் வராது. அது அவளுக்கும் தெரியும். பேசினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல சாமி. சொன்னா அம்புட்டுப் பேரும் சிரிப்பீக."

ரோஜா அதற்கே சிரித்துவிட்டாள்.

நான் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், முதலில் சிரித்திருப்பார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடியிருப்பார்கள். நேரம் இருந்தது. ஆனால் பிறகு நானும் அந்த வேப்ப மரத்தடியில் அவர்களோடு நிற்க வேண்டும். அய்யம்மாள் என்னைப் பார்ப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள், சும்மா பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க எனக்கு மனமில்லை. காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் இருக்கும் என்று நீங்கள் தேட வேண்டாம்.

லோடு வண்டி வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஓடவில்லை. ஓடியிருந்தால் அவர்கள் பயந்திருப்பார்கள். கேட்டைத் தாண்டி, லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் பேப்பரில் உராய்வு காரணமாக வெடித்தது என்று போட்டிருந்தார்கள். நான் சொன்னதுதான் அது.

ரோஜாவும் சண்முகத்தாயும் அந்த அறையிலேயே செத்தார்கள். அய்யம்மாள் மதுரை ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து செத்தாள். யார் மேலும் அவள் குறை சொல்லவில்லை என்று நர்ஸ் சொன்னார். அண்ணாச்சி ஜாமீனில் வந்துவிட்டார். கம்பெனிக்குச் சீல் வைத்திருக்கிறார்கள். சினேகா மல்லாங்கிணற்றில் இருக்கும் அவள் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். நான் இங்கே ஜெயிலில் இருக்கிறேன். ஒன்றுமே இல்லாததற்கு இரண்டு தடவை கத்திய அய்யம்மாள், கத்த வேண்டிய அன்றைக்குக் கத்தாமல் இருந்துவிட்டாள். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை, சார்.